தேன் வாங்கிய கீரி

முள்ளிக்காட்டில் ஒரு கீரி இருந்தது. மூச்சிரைப்பை அடக்கும் ஒரு வேரை அதுதான் கண்டுபிடித்தது. நாற்பது வேர்களைக் கடித்துப் பார்த்து, மூன்று முறை மயங்கி விழுந்து, பிறகு கிடைத்த வேர். அதில் பொய் இல்லை. அதனால் சிங்கராஜா, "இருபது மழைக்காலம் வரைக்கும் இந்த வேரை நீ மட்டும்தான் விற்கலாம்!" என்று உரிமை கொடுத்தது.

கூடவே ஒரு சட்டமும் போட்டது. "ஆனா இஷ்டத்துக்கு விலை வைக்கக் கூடாது. காட்டு விலைவாசி எப்படிப் போகுதோ, உன் வேரோட விலையும் அப்படியே போகணும்!"

விலைவாசியை அளப்பது அணிலின் வேலை. பௌர்ணமி அன்று காலையில் அது கூடையோடு சந்தைக்குப் போகும். தேன், விளாம்பழம், கிழங்கு, காளான், நெல்லிக்காய் எல்லாம் போட்டுக் கூடையை நிரப்ப எத்தனை குன்றிமணி ஆகிறது என்று எண்ணும். அந்தக் காட்டில் குன்றிமணிதான் காசு. முதலில் கூடையின் விலை இருபது. வேரின் விலையும் இருபது.

மூன்றே மாதத்தில் கூடை இருபத்துநாலு ஆகிவிட்டது. கீரி பணிவாகக் கைகட்டிக்கொண்டு வேரின் விலையையும் இருபத்துநாலு ஆக்கியது. "நான் என்ன செய்ய? சட்டப்படிதானே போறேன்!" என்றது. எல்லா மிருகங்களும் நியாயம்தான் என்று தலையாட்டின. முள்ளம்பன்றி மட்டும் ஆட்டவில்லை.

அதற்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. முழு நிலாவைப் பார்த்தால்கூட, பின்பக்கமும் முழுசாக இருக்கிறதா என்று கேட்கும். ஆனால் இந்த முறை சந்தேகத்துக்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. அதன் மனைவிக்கு மூச்சிரைப்பு.

"ஏங்க, பாதி வேர் போதும். நான் சமாளிச்சுக்குவேன்," என்றது மனைவி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கியது. முள்ளம்பன்றிக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. நான் தோண்டி விற்கிற கிழங்குக்கு அதே பழைய விலை, இவள் தின்கிற மருந்து மட்டும் எப்படி ஏறியது?

அணிலிடம் ஓடியது. "அணிலாரே, கூடையில எது ஏறுச்சு?"

"தேன் மட்டும்தான்! நாலா இருந்தது எட்டாச்சு. நான் சரியாத்தான் எண்ணினேன்!"

"எண்ணினது சரி. தேன் ஏன் ஏறுச்சு?"

"அது என் வேலை இல்லப்பா!"

முள்ளம்பன்றி நேராகத் தேன் விற்கும் கரடியிடம் போனது. "கரடி அண்ணே, இப்போ தேன் கிடைக்கலையா?"

"யார் சொன்னது? பாறை இடுக்கெல்லாம் வழியுது! ஆனா பௌர்ணமிக்கு முதல் நாள் ஒரு மரநாய் வந்து அள்ளிட்டுப் போயிடறான். பேரமே பேச மாட்டான். மறுநாள் சந்தைக்கு நாலஞ்சு அடைதான் மிச்சம். விலை ஏறாம என்ன செய்யும்?"

பேரம் பேசாத மரநாயா? முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்துக்கொண்டன. அடுத்த பௌர்ணமிக்கு முதல் நாள் அது புதருக்குள் பதுங்கியிருந்தது. மரநாய் வந்தது, வாங்கியது, நடந்தது. பின்னாலேயே முள்ளம்பன்றியும் நடந்தது. தேனடைகள் போய் இறங்கிய இடம் கீரியின் வளை! வாசலில் எறும்புகள் சாரை சாரையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

முள்ளம்பன்றி போய் முறையிட, மறுநாள் காலை சிங்கராஜாவே வளை வாசலில் வந்து நின்றது. கீரி துளிகூட அசரவில்லை.

"தேன்தான் ராஜா! காசு கொடுத்து வாங்கினேன். தேன் வாங்கறது குத்தமா? அணிலோட கூடையை நான் தொட்டேனா?"

சிங்கம் தாடையைச் சொறிந்தது. "அப்படி ஒரு குத்தம் சட்டத்துல இல்லையே!"

கீரி முள்ளம்பன்றியைப் பார்த்து இளித்தது.

"ராஜா, இவன் நாக்குல தேன் பட்டதே இல்லை!" என்று முள்ளம்பன்றி கத்தியது. "தேன் ஏறினா கூடை ஏறும், கூடை ஏறினா வேரும் ஏறும். தேனுக்குக் கொஞ்சம் காசைப் போட்டு, நோயாளிங்ககிட்ட மூட்டை மூட்டையா அள்ளறான். நீங்க இவனைத் தண்டிக்க வேண்டாம். பதுக்கினதெல்லாம் இன்னைக்கே சந்தைக்கு வரட்டும். அதுக்கப்புறம் அணில் எண்ணட்டும்!"

"அப்படியே ஆகட்டும்!" என்று சிங்கம் கர்ஜித்தது.

நான்கு மாதத் தேன் சந்தையில் மலையாகக் குவிந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. எட்டுக் குன்றிமணித் தேன் இரண்டுக்கு இறங்கியது. அணில் இரண்டு தடவை எண்ணிவிட்டு, "கூடை பதினெட்டு!" என்றது.

"அப்போ வேரும் பதினெட்டு!" என்றது முள்ளம்பன்றி.

"அநியாயம்!" என்று கீரி குதித்தது. "சட்டம் ஏத்தறதுக்குத்தானே? இறக்கச் சொல்லி யார் சொன்னது?"

"ஏத்தறதுக்கு மட்டும்னு நான் சொல்லவே இல்லையே!" என்றது சிங்கம்.

அன்று மாலை முள்ளம்பன்றியின் மனைவி முழு வேரையும் தின்றது. இருட்டுவதற்குள் மூச்சு சீரானது. எத்தனையோ நாளைக்குப் பிறகு, நடுவில் நிறுத்தாமல் பேசியது: "அடுத்த பௌர்ணமிக்கு அவன் நெல்லிக்காய் வாங்கப் போறான், பாருங்க!"

முள்ளம்பன்றி உடனே எழுந்து நெல்லி மரத்தடிக்குக் கிளம்பியது.

விலையை அளக்கும் கூடையை நம்புவதற்கு முன், அதில் இருக்கும் பண்டத்தை யார் வாங்கிக் குவிக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும்.