மக்கைப் புதைத்த கதை

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தான். ராணி செத்து நான்கு வருஷம். அவள் வைத்த இருவாட்சித் தோட்டம்தான் மிச்சம். அதில் ஒரு சருகுகூடக் கிடக்கக் கூடாது என்பது ராஜாவின் கட்டளை. தினம் மூன்று வேளை பெருக்கினார்கள். பெருக்கியதைக் கொளுத்தினார்கள். தரை சுட்ட ஓடு மாதிரி இறுகியது. செடிகள் நின்றன, பூக்கவில்லை.

ஒரு நாள் சபையில் ராஜா சொன்னான்: "அந்த வாசனை எனக்கு மறந்துகொண்டே வருகிறது. அது திரும்ப வேண்டும்."

நந்தவன அதிகாரி அனந்தராயர், செடிகளுக்குப் பன்னீர் தெளிக்கலாம் என்றார்.

சபை விகடன் மொட்டையப்பனுக்கு வாய் சும்மா இருக்காது. "துடைப்பத்தை ஒழிச்சாப் போதும், மகாராஜா. இந்த வெயில்ல மொட்டைத் தரையில மண்புழு எப்படித் தங்கும்? புழு செத்துச்சு, மண்ணு செத்துச்சு. அடுத்தது செடிதான்."

ராயர் இதற்காகவே காத்திருந்தவர். "கேட்டீர்களா, பிரபு? ராணியார் தோட்டத்தைத் தாங்களே கொன்றீர்களாம். புழு வளர்க்க வேண்டுமாம். மக்கு!"

ராஜாவின் முகம் கறுத்தது. "மக்கை அந்தத் தோட்டத்திலேயே புதையுங்கள். முடியும்வரை வேறு யாரும் உள்ளே நுழையக் கூடாது."

எழுத்தர் அப்படியே ஓலையில் எழுதினார். முத்திரை விழுந்தது.

காவல் தலைவன் காளத்தி குழி தோண்ட ஆரம்பித்தான். கடப்பாரை பட்டுத் தெறித்தது.  மொட்டையப்பன் கேட்டான்: "ஓலையை ஒருதரம் படியேன், அண்ணே."

"மக்கை அந்தத் தோட்டத்திலேயே புதைக்க. முடியும்வரை வேறு யாரும் உள்ளே நுழையக் கூடாது."

"என் பேரு இருக்கா?"

"இல்ல."

"லாயத்துக்குப் பின்னாடி சாணமும் வைக்கோலும் மக்கி, கரியாட்டம் குவிஞ்சு கெடக்கே. அதுக்கு என்ன பேரு?"

காளத்தி யோசித்தான். "மக்கு."

"அதை விட்டுட்டு என்னைப் புதைச்சா உத்தரவை மீறினதாயிடும். அப்புறம் உன் பாடு."

"ஆளைப் புதைக்கிறதுக்கு இது தேவலை," என்றான் காளத்தி.

வண்டி வண்டியாக மக்கு வந்தது. அதோடு நெளிந்துகொண்டு புழுக்களும் வந்தன. தரையைக் கொத்தி, நனைத்து, மக்கைப் போட்டு, வெயில் படாமல் மேலே சருகு பரப்பினார்கள். ராயர் பெருக்குகிறவர்களோடு வந்தார். காளத்தி ஓலையை நீட்டினான். "இன்னும் முடியலீங்க."

மொட்டையப்பன் தோட்டத்தைவிட்டு வெளியே வரவில்லை. வந்தால் தலை போகும். தினமும் சருகை விலக்கிப் பார்ப்பான். ஒரு பெண்ணின் வாயிலிருந்து சம்மதம் வரக் காத்திருப்பவன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். நாற்பது நாள் ஒன்றுமில்லை. மழை பெய்த மறுநாள் தரையெல்லாம் கடுகு கடுகாகப் புழு கழித்த மண். அவன் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

பிறகு ஒரு சாயங்காலம் வாசனை அரண்மனை ஜன்னலுக்கு ஏறியது. ராஜா செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தான். ராயரும் பின்னாலேயே ஓடிவந்தார்.

"உன்னைப் புதைக்கச் சொன்னேனே!"

"மக்கைத்தான் சொன்னீங்க. புதைச்சுக்கிட்டேதான் இருக்கோம். இன்னும் ரெண்டு வண்டி பாக்கி."

ராஜா ஓலையை வாங்கிப் படித்தான். சிரிப்பு வந்தது. நான்கு வருஷமாக வராத சிரிப்பு; நிறுத்தத் தெரியவில்லை. கழுத்து முத்துமாலையைக் கழற்றி மொட்டையப்பனுக்குப் போட்டான். மிச்ச இரண்டு வண்டியை ராயர் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டும் என்றான்.

"இவ்வளவு சருகு கிடக்கிறதே. அவள் பார்த்தால் என்ன நினைப்பாள்?" என்றான் தரையைப் பார்த்து.

"ராணியம்மா இருந்தப்ப இப்படித்தாங்க கெடந்தது. பெருக்கச் சொன்னது நீங்க."

 ராஜா பூப்பறிக்கச் செடியை நோக்கி ஓரடி வைத்தான். சருகு நொறுங்கியது, அவள் நடக்கையில் கேட்ட அதே சத்தம். சட்டென்று திரும்பிப் பார்த்தான், பின்னால் யாரோ வருகிற மாதிரி.

மொட்டையப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.