நாலு மணிக் கொள்ளி

வண்டு என்றால் பூவைத் தேடி வருவது என்று நினைப்பவர்கள் வேறு கதை கேட்கப் போகலாம். நான் சொல்லும் வண்டு, யுத்தம் முற்றிய நாட்களில் வன்னி வானத்தில் ஆளில்லாமல் சுற்றிய வேவு விமானம். அதன் இரைச்சலைக் கேட்டுச் சனம் வைத்த பெயர் அது. எங்கோ ஓர் அறையில் ஒருவன் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். கீழே புகையைக் கண்டானென்றால் பத்து நிமிடத்தில் ஷெல் வரும். அதனால் பகலில் அடுப்பு மூட்டுவதையே சனம் விட்டிருந்தது.

அப்படிப்பட்ட ஒரு நாளில் தம்பிராசா செத்துப்போனார். ஊருக்கெல்லாம் பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டிக் கொடுத்த மனிதர். காலில் பட்ட ஷெல் துண்டு சீழ் வைத்து, மருந்தில்லாமல், ஆஸ்பத்திரிக்குப் போகவும் வழியில்லாமல், ஒன்பது நாள் தன் பங்கருக்குள்ளேயே கிடந்தார். கடைசியில் மனைவி நாகேஸ்வரியின் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"இஞ்சேர், என்னை மண்ணுக்குள்ள மட்டும் வைச்சிடாதை. ஒண்டரை வருசமா மண்ணுக்குள்ளதான் கிடந்தனான். எரிச்சுவிடு."

"ஓம், எரிப்பன்" என்று அவள் அவர் கையில் அடித்துச் சொன்னாள்.

சொல்லிவிட்டாள், எரிப்பது எப்படி? இயக்கத்தின் பகுதிப் பொறுப்பாளன் கலைமாறனிடம் ஓடினாள். இருபத்தெட்டு வயது இருக்கும் அவனுக்கு.

"அம்மா, புகை எழும்பினா இந்தத் தென்னந்தோப்புக்குள்ள இருக்கிற நாப்பது குடும்பத்துக்கும் ஆர் பதில் சொல்லுறது? கிடங்கு வெட்டி மண்ணுக்குள்ள தாட்டுவிடுங்கோ" என்றான்.

அவன் சொன்னதில் பிழை இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. திரும்பி வந்து பிணத்தின் தலைமாட்டில் இருந்து அழுதாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு, கூப்பிடாமலே கலைமாறன் வந்து நின்றான்.

"எரியுங்கோ அம்மா. ஆனா இஞ்ச வேண்டாம். வடக்குப் பக்கம் வெறும் வயல் கிடக்கு, அங்க கொண்டுபோங்கோ. சரியா நாலு மணிக்குக் கொள்ளி வையுங்கோ, முந்தவும் வேண்டாம், பிந்தவும் வேண்டாம். வைச்ச உடனை ஓடிப்போய் வாய்க்காலுக்குள்ள படுங்கோ."

அடடா, அந்தப் பேதைக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது! "நீ நல்லாயிருக்கோணும் தம்பி" என்று அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

அயல் வீட்டு அருளப்பு தன் உழவு இயந்திரத்தில் பிணத்தையும் விறகையும் ஏற்றி வயலில் இறக்கினார். விறகைத் தெரிந்தெடுத்தவள் நாகேஸ்வரி. நன்றாய்க் காய்ந்த பாலைக்கட்டை, அதிலும் பட்டையை ஒவ்வொன்றாக உரித்திருந்தாள். "புகை குறைய வரும் அண்ணை. எங்களாலை மற்றச் சனத்துக்கு ஒண்டும் ஆகக்கூடாது" என்று அருளப்புவிடம் சொல்லிச் சொல்லித்தான் அடுக்கினாள். ஒரே மகன் இயக்கத்துக்குப் போய் இரண்டு வருசம், ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. கொள்ளியும் அவள்தான் வைக்கவேண்டும்.

அடுக்கி முடித்த நேரம், இயக்கப் பெடியள் இரண்டு பேர் ஒரு கட்டுப் பச்சைத் தென்னோலையும் ஒரு பழைய டயரும் கொண்டுவந்து பிணத்துக்கு மேலே போட்டார்கள்.

"இதென்னத்துக்குத் தம்பியவை?"

"பொறுப்பாளர் போடச் சொன்னவர் அம்மா."

கெதியாய் எரியட்டும் என்று போடுகிறார்களாக்கும் என்று அவள் நினைத்தாள். அருளப்பு நிலத்தைப் பார்த்தார். "எனக்கு ஒரு ஓட்டம் கிடக்கு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நாலு மணிக்குக் கொள்ளி வைத்தாள். கரும்புகை பனை உயரத்துக்கு எழும்பியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் தெற்கு வீதிக்கு மேலே காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்த வண்டு வடக்கே வந்தது. ஏழு ஷெல். வாய்க்காலிலிருந்து அவள் எழும்பிப் பார்த்தபோது சிதை இல்லை. ஷெல் தோண்டிய பெரிய கிடங்கு ஒன்று இருந்தது. சரியாகத் தீப்பிடிக்காத தம்பிராசா, அந்தக் கிடங்குக்குள், சரிந்த மண்ணுக்குக் கீழே கிடந்தார்.

அதே நேரம் தெற்கு வீதியில், ஒரு மரம் கூட இல்லாத ஒரு மைல் வெளியை அருளப்புவின் வண்டி கடந்தது. பின்னால் கட்டிய பெட்டியில் தறப்பாள் விரிப்பின் கீழே காயக்காரர் இருபத்து மூன்று பேர். எல்லாரும் உயிரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் அருளப்பு வந்து முற்றத்தில் குந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"எனக்கு முதலே தெரியும் தங்கச்சி. சொல்லக்கூடாதெண்டு கட்டளை. சொன்னா நீ கொளுத்தமாட்டாயெண்டு பயந்திட்டாங்கள்."

 நாகேஸ்வரி சொன்னாள்:

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்தப் பச்சை ஓலையை நானே வெட்டியிருப்பன் அண்ணை."

கதை இவ்வளவுதான். ஷெல் அடித்தவனை இதற்குள் இழுக்காதீர்கள், அவனிடம் நியாயம் கேட்க நான் வரவில்லை. நம்மவர் மூன்று பேரைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். பிணத்தைக் காட்டி இருபத்து மூன்று உயிரைக் கடத்திய கலைமாறன், தெரிந்தும் வாய் திறக்காமல் அந்த உயிர்களை ஏற்றிப்போன அருளப்பு, ஒன்றும் தெரியாமல் கொள்ளி வைத்த நாகேஸ்வரி: அன்று யாருடைய கை சுத்தம்?

விடை: கலைமாறனுடைய கை என்று சொல்ல வாய் எடுக்கிறவர்கள் அந்தப் பட்டை உரித்த விறகை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். புருசனைக் கொளுத்தும்போதும் அடுத்தவன் உயிரை நினைத்துப் புகையைக் குறைத்தவள், இருபத்து மூன்று பேருக்காகப் புகையைக் கூட்டமாட்டாளா? அவளுக்காகத்தான் போராடுகிறேன் என்றவனுக்கு, ஷெல்லுக்குப் பயமில்லை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கப் பயம். உயிர்களைக் காத்தது சரி, அவளை நம்பாதது பிழை, அந்தப் பிழையை இந்தச் சரி கழுவாது. அருளப்புவின் பிழை அதைவிடப் பெரிது, அவர் அந்த விறகைக் கண்ணால் கண்டவர். சுத்தமான கை நாகேஸ்வரியுடையது. இன்னொரு முறை தீ மூட்டக் கலைமாறன் அனுமதி கொடுக்கவில்லை. அதனால் அந்தக் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டு, அவள் கிடங்கை மூடினாள்.