பார்த்தாலே பழகிவிடும்

மணலூர் அரண்மனை வைத்தியர் ஆலாலப் பண்டிதர் பெரிய கெட்டிக்காரர். அதை அவரே தினமும் சொல்வார். வயிற்றைக் கிழிக்கமாட்டார். மூன்றே சிறு துளை போடுவார். ஒன்றில் கண்ணாடிக் குழலைச் செலுத்தி உள்ளே பார்த்துக்கொண்டு, மற்ற இரண்டில் நீண்ட இடுக்கிகளை நுழைத்துப் பித்தப்பைக் கல்லை எடுத்துவிடுவார்.

சீடர்களுக்கு வேலை, பக்கத்தில் விளக்குப் பிடிப்பது. வருஷக்கணக்காகப் பிடித்தார்கள். கையால் செய்து பழக ஒரு கூடம் வேண்டும், பானையும் ஆட்டுக் குடலும் போதும் என்று மன்னர் கோதண்டவர்மரிடம் கெஞ்சினார்கள்.

"எதற்கு வீண் செலவு? பார்த்தாலே பழகிவிடும்" என்றார் பண்டிதர்.

செலவில்லாத கல்வி எந்த மன்னருக்குக் கசக்கும்? அவரும் அதையே சொல்லி அனுப்பிவிட்டார்.

பிறகு பண்டிதரின் கண்ணில் புரை விழுந்தது. சீடர்களிடம் வயிற்றைக் கொடுக்க ஊரில் யாருக்கும் துணிவில்லை. வலிக்காரர்கள் அரண்மனை வாசலில் சுருண்டு கிடந்தார்கள். மன்னர் உப்பரிகையிலிருந்து பார்த்து, "பாவம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார். இரக்க குணம் அப்படி.

கல்லுக்கு ராஜா, குடி என்ற பேதம் ஏது? ஒரு நாள் மன்னருக்கும் வந்தது. பண்டிதர் பதறவில்லை. மூத்த சீடன் அம்பலவாணன் நாளைக்கே எடுத்துவிடுவான், எல்லாம் பார்த்திருக்கிறான் என்றார்.

அவை விகடர் பொன்னம்பி ஒரு பானையோடு வந்தார். உள்ளே ஒற்றைத் திராட்சை. பானையின் வாயைத் தோலால் கட்டி மூன்று துளை போட்டார்.

"தம்பி, உள்ளே இருக்கும் திராட்சையின் தோலை மட்டும் உரித்துக் காட்டு. நாளைக்கு மன்னர் வயிற்றில் காட்டப்போகும் கை நுணுக்கம்தானே?"

அம்பலவாணன் துளைகளில் இடுக்கிகளை நுழைத்தான். திராட்சை நசுங்கிக் கூழானது.

"கையை இடப்பக்கம் தள்ளினால் முனை வலப்பக்கம் போகிறது, மன்னா. விளக்குப் பிடித்தபோது இது தெரியவில்லை" என்றான் பாவம்.

மன்னர் இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டார். அந்த நிமிஷமே கூடம் கட்ட ஆணை பிறந்தது. பானைகள், ஆட்டுக் குடல், எல்லாம் அரண்மனைச் செலவு. பொன்னம்பிக்கு முத்துமாலை. கூடத்தில் விளக்குப் பிடிக்கும் வேலை பண்டிதருக்கு.

ஆணையெல்லாம் இட்டு முடிந்ததும் மன்னர் முனகினார். "பொன்னம்பி, இவர்கள் கை பழகும்வரை இந்த வலியை நான் எப்படித் தாங்குவேன்?"

பொன்னம்பி பணிவாகக் கைகட்டிக்கொண்டார்.

"உப்பரிகையிலிருந்து இத்தனை நாள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள், மன்னா? பார்த்தாலே பழகியிருக்குமே."