ஈரத்தில் நிற்கிற வண்டி

ஜெசிந்தாவிடம் பைக் ஓட்டப் பழக வந்தவர்களில் நல்லசிவம்தான் மூத்தவர். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுக்கு முப்பத்துமூன்று. ஆனாலும் அவர் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். அவள் அவரை சார் என்றாள்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் போட்டுவிட்டு அப்படியே விட்டுப்போன விமான ஓடுதளம் ஒன்று கருவேலங்காட்டுக்கு நடுவில் கிடந்தது. மணிக்கட்டு இரண்டாம் முறை உடைந்து பைக் ரேஸில் ஓட்டுவதை விட்டபோது, ஜெசிந்தா அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தாள். ஒரு தகரக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, சில பிளாஸ்டிக் நாற்காலிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய பெரிய வண்டிகளோடு ஆட்கள் வருவார்கள். எப்படிச் சாய்ப்பது, எப்படித் திருப்புவது, எப்படி நிறுத்துவது என்று கற்றுக்கொண்டு போவார்கள்.

நல்லசிவம் ஈரோட்டில் சாயப்பவுடர் வியாபாரம் செய்பவர். ஆயிரம் சிசி ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கியிருந்தார். இந்த வயதில் எதற்கு என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வண்டி போகிற இடமெல்லாம் கூட்டம் கூடும். பேக்கரி வாசலில் நிறுத்தினால் காலேஜ் பையன்கள் சுற்றி நின்று போட்டோ எடுப்பார்கள். "அங்கிள், கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா?" என்பார்கள். அவர் டீ கிளாஸோடு தள்ளி நிற்பார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அது அவருக்கு வசதியாக இருந்தது.

வீட்டில் வண்டி நிற்கும் ஷெட்டின் விளக்கு மட்டும்தான் எரியும். பெங்களூரிலிருந்து மகள் போன் செய்வாள்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"சாப்ட்டேன் கண்ணு."

அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வராது. கொஞ்ச நேரம் போனைப் பிடித்தபடியே இருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் வைத்துவிடுவார்கள்.

வந்த முதல் நாளே அவர் ஜெசிந்தாவிடம் கேட்டார்.

"மாஸ்டர், பழைய வண்டியும் ஓடுது. இதுவும் ஓடுது. நெசமாவே இது அதைவிட மேலான வண்டிதானுங்களா?"

"எதுக்கு மேலானது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பொதுவாத்தான் கேட்டேனுங்க."

"பொதுவா எனக்குத் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆனால் அந்தக் கேள்வி அங்கே அடிக்கடி வரும். ஒரு ஞாயிறு, சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேர் அதற்காகச் சண்டையே போட்டார்கள். பழைய வண்டிக்கு உயிர் இருக்கிறது, புது வண்டி கம்ப்யூட்டர் என்றார் ஒருவர். அந்த உயிருள்ள வண்டியில் போனால் நம் உயிர் போய்விடும் என்றார் மற்றவர். புது வண்டியில் சக்கரம் பூட்டாமல் பிரேக் பிடிக்கிற ஏபிஎஸ் இருக்கிறது, வழுக்கினால் தானே இன்ஜினை அடக்குகிறது, இருநூறு குதிரைத்திறன். இதெல்லாம் இல்லாத காலத்து வண்டியை எதோடு ஒப்பிடுவது?

"நீங்க சொல்லுங்க மாஸ்டர்" என்றார்கள்.

ஜெசிந்தா சோற்றுக் கையை விரித்துக் காட்டினாள். "ரெண்டு வண்டியிலயும் டயர் ரோட்டைத் தொடுற இடம் இவ்வளவுதான்."

அவர்கள் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போனார்கள். நல்லசிவம் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, ஜெசிந்தா அவருடைய வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"பிரேக் பேட் எப்ப மாத்துனீங்க சார்?"

"மாத்தலைங்க. வாங்கறப்ப இருந்ததுதான்."

"இங்க ஓட்டுறதுக்கு இவ்வளவு தேயாது. வேற எங்க ஓட்டுறீங்க?"

அவர் ஹெல்மெட்டைத் துடைத்தார். அவளும் எழுந்திருக்கவில்லை. கருவேலங்காட்டுக்குள் மயில் ஒன்று அகவிக்கொண்டிருந்தது.

"திம்பம் மலையில" என்றார் கடைசியில்.

"அங்க என்ன?"

"ஒரு வளைவுங்க."

பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால், தாளவாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அவரும் மனைவி பூங்கோதையும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமான புதிதில் வாங்கிய பழைய முந்நூற்றைம்பது சிசி வண்டி. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வளைவு திரும்பினால் கரும்பு லாரி அச்சு முறிந்து நடுரோட்டில் நிற்கிறது. பிரேக்கை மிதித்தார். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. அவருக்குத் தோளில் அடி. பூங்கோதை லாரிக்கு அடியில் போய்விட்டாள்.

"எவ்வளவு வேகம்?"

"அம்பதுங்க. அதுக்கு மேல நான் போகவே மாட்டேன். அவ பின்னாடி இருந்தா அதுவே அதிகம்."

ஜெசிந்தா பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி அவரிடம் கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அவ சொல்லிட்டே இருந்தாளுங்க. ஏனுங்க, இதை வித்துப்போட்டு நல்ல பிரேக் வெச்ச வண்டியா வாங்குங்கன்னு. நான்தான், அதெல்லாம் விளம்பரத்துக்குச் சொல்றது, காசு புடுங்கற வேலைன்னு சிரிச்சேன். கடைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டக்கூடச் சொன்னா. போகலை."

"அதுக்கப்புறம் இதை வாங்குனீங்க."

"ஆமாங்க. மழை பேஞ்சா அந்த வளைவுக்குப் போயிருவேன். அதே எடத்துல பிரேக் புடிப்பேன்." அவர் குரல் இறங்கியது. "ஒவ்வொரு தடவையும் நிக்குதுங்க மாஸ்டர்."

"நின்னதும் என்ன பண்ணுவீங்க?"

"கொஞ்ச நேரம் அங்கயே இருப்பேன். அப்புறம் வந்துருவேன்."

"அதே அம்பதுலதான் போறீங்களா?"

அவர் கிளாஸைப் பார்த்தார். "இப்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாக்கறேன்."

"உங்க மகளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

ஜெசிந்தா பிளாஸ்க்கை மூடி வைத்தாள். பிறகு கேட்டாள்: "அன்னைக்கு விழுந்த பழைய வண்டி இன்னும் இருக்கா?"

"ரிப்பேர் பண்ணி வெச்சிருக்கேன். ஏறலை."

"அடுத்த ஞாயித்துக்கிழமை வேற யாரையும் வரச் சொல்லல. அதையும் ஏத்திக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் மலைக்குப் போகாதீங்க."

அந்த வாரம் புதன்கிழமை மழை பெய்தது. நல்லசிவம் சாவியை எடுத்து, திரும்ப ஆணியில் மாட்டி, மறுபடி எடுத்து, கடைசியில் ஷெட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு மழை விடும்வரை உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை குட்டியானை டெம்போவில் பழைய வண்டியை ஏற்றி அனுப்பிவிட்டு, புதியதை அவர் ஓட்டிக்கொண்டு வந்தார். ஓடுதளத்தின் ஒரு பகுதியை ஜெசிந்தா ஏற்கெனவே தண்ணீர் விட்டு நனைத்து வைத்திருந்தாள். ஈரம் தொடங்கும் இடத்தில் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்று இருந்தது.

அவள் பழைய வண்டியை உதைத்துக் கிளப்பினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நல்லசிவம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாருங்க சார். பார்க்கத்தான் வந்திருக்கீங்க."

அவள் தூரத்திலிருந்து ஐம்பதில் வந்து, கூம்பைத் தாண்டியதும் பிரேக் பிடித்தாள். பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி வாலை ஆட்டிக்கொண்டு வழுக்கியது. அவள் விழவில்லை. ஆனால் வண்டி வெகுதூரம் தள்ளிப்போய்த்தான் நின்றது. நின்ற இடத்தில் இன்னொரு கூம்பை வைத்தாள்.

பிறகு புதிய வண்டியில் ஏறினாள். அதே ஐம்பது, அதே ஈரம். கூம்பைத் தாண்டி பிரேக் பிடித்ததும் வண்டி மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு நேராக நின்றது. பழைய வண்டி போன தூரத்தில் பாதிகூட இல்லை.

நல்லசிவம் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் இருந்த காலி ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ சொன்னது சரிதானுங்களே" என்றார்.

"சரிதான்."

"நீங்க இல்லைன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

"உள்ளதை இல்லைன்னு எப்படி சார் சொல்லுறது?" அவள் பையிலிருந்து கறுப்பு டேப் எடுத்து, புதிய வண்டியின் மீட்டர் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள். "இப்ப நீங்க ஏறுங்க. நம்பரைப் பார்க்க வேணாம். அன்னைக்கு எப்படிப் போனீங்களோ அப்படியே வாங்க. அதே வேகம். பின்னாடி அவங்க இருக்காங்க."

அவர் தயங்கினார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடுதளத்தின் கடைசிவரை போய்த் திரும்பினார்.

அன்றைக்கு அடித்த தூறலை நினைத்தார். தோளில் பூங்கோதை கை வைத்திருந்ததை நினைத்தார். கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப்பை அவள் மடியில் சரசரத்தது. அவசரமே இல்லாத வேகம் அது. கூம்பைத் தாண்டியதும் பிரேக் பிடித்தார். வண்டி நேராக நின்றது. ஒரு துளியும் ஆடவில்லை.

கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார். பழைய வண்டிக்கு வைத்த கூம்பு அவர் பாதத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

ஜெசிந்தா வேகம் அளக்கிற கருவியைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தாள்.

"எவ்வளவு சார்?"

"அம்பதுங்க. நிச்சயமா அம்பதுதான்."

அவள் கருவியைத் திருப்பிக் காட்டினாள். எழுபத்தெட்டு.

"இருக்காதுங்க."

"இன்னொரு தடவை போங்க."

அவர் போனார். கூம்பைத் தாண்டி நின்றார். எண்பத்தொன்று.

"பூனை மாதிரிதானுங்களே வந்தேன்" என்றார். "இந்த வண்டி பொய் சொல்லுதா?"

"பொய் சொல்லல. சத்தம் போடாம இருக்கு, அதான் வேகம் உங்களுக்குத் தெரியல. அவ்வளவுதான்."

மூன்றாவது முறை வேண்டுமென்றே குறைத்து வந்தார். ஊர்ந்து வருவதாகவே அவருக்குத் தோன்றியது. அப்போதும் கருவியில் எழுபதுக்கு மேல்தான் இருந்தது.

அவர் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு இறங்கினார். இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஜெசிந்தாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஓடுதளத்தின் ஓரத்தில் ஈரம் காய ஆரம்பித்திருந்தது.

"அப்படின்னா இந்த வண்டி இருந்திருந்தாலும் அவ போயிருப்பாளா?"

"எனக்குத் தெரியாது சார்."

"நின்னிருக்குமா?"

"அதுவும் தெரியாது."

"யாருக்குத்தானுங்க தெரியும்?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கழற்றுவதற்கு வெகுநேரம் ஆனது. முகம் முழுக்க நனைந்திருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வருசமா இதை யார்கிட்டயும் சொல்லலைங்க" என்றார். "எம்பொண்ணு அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தா. என்ன ஆச்சுன்னு கேக்கவே இல்லை. இன்னைக்கு வரைக்கும் கேக்கலை. கேட்டா என்ன சொல்லுவேன்னு நினைச்சு நினைச்சுத்தான் அங்க போயிட்டு இருந்தேன்."

"என்ன சொல்லலாம்னு தெரிஞ்சுதா?"

"இல்லைங்க. ஒவ்வொரு தடவையும் வண்டி நின்னுது. அவ்வளவுதான் தெரிஞ்சுது."

பிறகு அவர், முதல் நாள் கேட்டதையே மறுபடி கேட்டார். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"அப்ப இது மேலான வண்டிதானா, இல்லையா மாஸ்டர்?"

ஜெசிந்தா எழுந்து போய் மீட்டரின் மேல் ஒட்டியிருந்த டேப்பை உரித்தாள். உரித்ததைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"மேலான வண்டிதான் சார். மூணு வருசத்துக்கு முன்னாடி இருந்த அந்த வளைவுக்கு மட்டும் இது போகாது. மத்த எல்லா ரோட்டுக்கும் போகும்."