பாதிக் குடம் வரி

முன்னொரு காலத்தில் மஞ்சாடி நாட்டைக் கோளரிவர்மன் என்ற ராஜா ஆண்டான். ஆண்டான் என்று நாம்தான் மரியாதைக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஊர்ப் பிரதிநிதிகள் சபையில் எழுந்து குறை சொன்னால் அவனுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

முள்ளிக்காட்டுப் பிரதிநிதி கூத்தாண்டன் ஒருமுறை விடாப்பிடியாக ஒரு சட்டம் கொண்டுவந்தான். 'புது வரி கேட்கிறவர், முதல் நாள் அதைத் தன் கையால் கட்ட வேண்டும்.' ராஜா கொட்டாவியோடு முத்திரை குத்தினான். அத்தோடு எல்லாரும் அதை மறந்துபோனார்கள்.

மழை பொய்த்த வருஷம். கூத்தாண்டனைக் கண்டாலே ஆகாத மந்திரி திருமேனிராயர், ராஜாவின் காதைக் கடித்தார்.

"அரண்மனைத் தாமரைக்குளம் வற்றுகிறது, பிரபு. கிணற்றில் இறைக்கிற ஒவ்வொரு குடத்திலும் பாதியை வரியாக வாங்குவோம். கூத்தாண்டனையே நிதி அதிகாரியாக்குங்கள். சொந்த ஊரே அவனைக் காறித் துப்பட்டும்!"

ராஜா கைகொட்டிச் சிரித்து, சபையைக் கூட்டினான். "கூத்தாண்டா, ராயர் கேட்ட பாதிக் குடம் வரியை வசூலிக்க இன்று முதல் நீதான் நிதி அதிகாரி. நாளை பொழுது சாய்வதற்குள் முள்ளிக்காட்டுத் தண்ணீர் வரவில்லையென்றால் உன் தலை இருக்காது."

குடிக்கவே தண்ணீர் இல்லாத ஜனங்களிடம் தாமரைப் பூவுக்காக வரி! கூத்தாண்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதிகார மோதிரத்தைப் போட்டான்.

"என் முதல் உத்தரவு. வரி கேட்டவர் ராயர். நாளை அவரே முள்ளிக்காட்டில் இறைத்து, பாதிக் குடத்தைத் தோளில் சுமந்து வரட்டும்."

"என்ன திமிர்! எந்தச் சட்டம் சொல்கிறது?" என்று ராயர் துள்ளினார்.

கூத்தாண்டன் தன் பழைய சட்ட ஓலையை நீட்டினான். அதில் ராஜாவின் முத்திரை இருந்தது. மறுக்க வழியில்லாத ராஜா, வேடிக்கை பார்க்கத் தானும் புறப்பட்டான்.

மறுநாள் கிணற்றில் வெறும் சேறு. ராயர் உள்ளே இறங்கி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் வழித்துக் குடத்தை நிரப்புவதற்குள் உச்சி வெயில் ஏறிவிட்டது. ராஜாவுக்குத் தொண்டை வறண்டது. குடத்துக்குக் கை நீட்டினான்.

கூத்தாண்டன் குறுக்கே நின்றான். "பாதி உங்கள் தாமரைக்கு. மீதி, நேற்றிலிருந்து இங்கே காத்து நிற்கிற இந்த அம்மாவுக்கு. உங்களுக்கு ஏது தண்ணீர்?"

இடுப்பில் பிள்ளையோடு நின்ற அந்தப் பெண் சொன்னாள்: "எம் பங்கை அவரு குடிக்கட்டும் சாமி. அந்தப் பூவுக்கு மட்டும் ஊத்தாதீங்க. வயிறு எரியுது."

ராஜா குடிக்கவில்லை. குடத்தை அவளிடமே நகர்த்தினான். வரியை அங்கேயே ரத்து செய்து, குளத்துத் தண்ணீரை ஊர்களுக்கு அனுப்பச் சொன்னான். முதல் குடம் ராயர் தோளில் வர வேண்டும் என்றும் உத்தரவிட்டான்.

"உனக்கு என்ன பரிசு வேண்டும், கூத்தாண்டா?"

"ஒன்றே ஒன்றுதான். இனி ஜனங்களின் ஆள் சபையில் எழுந்து பேசினால் கொட்டாவி விடாதீர்கள்!"

அடுத்த சபை பொழுது சாயும்வரை நடந்ததாம். ராஜா வாயைத் திறக்கவே இல்லையாம்.