குடுமியும் மஞ்சள் துண்டும்

கடல் தாண்டி வந்த வணிகன் ஒருவன் மகரதுங்க மகாராஜாவுக்கு ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டான். பெயர் கால்பந்து. காலுக்கு அதில் பெரிய வேலை கிடையாது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரியின் கோட்டைத் தாண்டி ஓட வேண்டும். ஓடுகிறவன்மேல் மற்றவர்கள் விழுந்து அமுக்க வேண்டும். கட்சிக்குப் பதினொரு பேர். யாராவது அழுகுணி ஆட்டம் ஆடினால் நடுவர் மஞ்சள் துண்டைத் தரையில் வீசுவார். அந்தக் கட்சி பத்தடி பின்வாங்க வேண்டும்.

"களத்தில் நான் மன்னன் இல்லை, ஆட்டக்காரன்!" என்று அறிவித்துவிட்டு ராஜாவும் இறங்கினார். அழுகுணி ஆட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. முதல் நடுவர் அவர்மேல் துண்டு வீசினார். ராஜத்துரோகி என்று சிறைக்குப் போனார். இரண்டாமவர் வீசவில்லை, கோழை என்று சிறைக்குப் போனார்.

அரண்மனைப் புலவர் கூத்தபிரானைக் கவிழ்க்க நேரம் பார்த்திருந்த தளபதி செண்டலங்காரருக்கு வாயெல்லாம் பல்.

"பிரபு, நம் புலவரையே நடுவராக்கலாமே!"

"ஆக்கிவிடுவோம். இந்த முறை தீர்ப்பு பிசகினால் சிறை இல்லை, தலை!" என்றார் ராஜா.

எதிர்க்கட்சி குதிரை லாயத்து ஆட்கள். அவர்கள் தலைவன் மாசாணம் பந்தோடு பறந்தான். கோட்டுக்கு இரண்டே அடி. பின்னால் வந்த ராஜா அவன் குடுமியை எட்டிப் பிடித்து ஒரே இழுப்பு! மாசாணம் மல்லாக்க விழுந்தான்.

துண்டை வீசினால் தலை போகும் என்று கூத்தபிரானுக்குத் தெரியும். ஆனாலும், குடுமி என்ன கிணற்றுக் கயிறா? தோளிலிருந்த மஞ்சள் துண்டு தரையில் விழுந்தது.

"யார்மேல் துண்டு?" ராஜா உறுமினார்.

"யார்மேலும் இல்லை, பிரபு. மரியாதைக்காகத் தோளிலிருந்து இறக்கினேன். கை நடுங்கியதில் இடுப்புக்குப் போக வேண்டியது தரைக்குப் போய்விட்டது."

"இத்தனை நேரம் வராத மரியாதை இப்போது எங்கிருந்து வந்தது?"

"இத்தனை நேரம் களத்தில் ஆட்டக்காரர்கள்தானே இருந்தார்கள்? ஆட்டக்காரன் எவனும் அடுத்தவன் குடுமியைத் தொடக் கூடாது. ஊரார் குடுமியைப் பிடித்து ஆட்டும் உரிமை மன்னர் ஒருவருக்குத்தான். குடுமி பிடிபட்டதும், அடடா, மன்னர் எழுந்தருளிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்."

ராஜாவின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா, யாருக்கும் தெரியவில்லை.

"சரி. மன்னன் பின்வாங்க வேண்டியதில்லை அல்லவா?"

"அங்கேதான் சின்னச் சிக்கல், பிரபு. ஆட்டக்காரரான தங்களையும் சேர்த்துத் தங்கள் கட்சியில் பதினொரு பேர். மன்னரோடு பன்னிரண்டு. ஆள் அதிகமானாலும் பத்தடிதான்! இழுத்தது மன்னரா ஆட்டக்காரரா என்று தாங்களே சொல்லிவிடுங்கள். நான் அடி எண்ணுகிறேன்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே பின்னால் நடந்தார். எட்டடியில் நிற்கப் பார்த்தார், புலவர் விடவில்லை. அடுத்த ஓட்டத்திலேயே மாசாணம் கோட்டைத் தாண்டினான்.

"புலவரே, என்ன பரிசு வேண்டும்?"

"சிறையிலிருக்கும் இரண்டு பேரையும் விட்டுவிடுங்கள், பிரபு. அடுத்த ஆட்டத்துக்கு நம் தளபதி நடுவராக இருக்கட்டும்."

அன்று மாலையே செண்டலங்காரர் எல்லைப் போருக்குக் கிளம்பிவிட்டார். அப்போது எந்த எல்லையிலும் போர் நடக்கவில்லை.