சோலைக்கொம்பு மலைக்குக் கட்டிய மூட்டை

பனியும் தூறலும் வெயிலும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாட்டை, வெகுகாலத்துக்கு முன்பு வில்லவராயர் என்றோர் அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் தமக்குத் தூக்கம் வந்தால் ஊரே கொட்டாவி விடுகிறது என்று நினைத்துக்கொள்வார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாசிக் கடைசியில் ஒரு நாள் காலை அரசருக்கு லேசாக வியர்க்கும். உடனே தம் போர்வையை மடித்துப் பெட்டியில் வைப்பார். முரசு அறைவார்கள். குளிர்காலம் முடிந்தது, நாடு முழுவதும் போர்வையை மடித்துவிட வேண்டும். தலைநகர் இருந்த சமவெளியில் இதனால் தொல்லை ஏதுமில்லை. மூன்று நாள் பயணத் தொலைவில் இருந்த சோலைக்கொம்பு மலைக்காரர்கள் மட்டும் அதைப் பார்க்க வரும் அதிகாரிக்கு எதிரில் ஒழுங்காக மடிப்பார்கள். அவர் குதிரை வளைவு திரும்பியதும் மறுபடி விரித்துக்கொள்வார்கள்.

இந்தச் சங்கதி அந்த வருஷம் அரசவை ஜோதிடர் தாண்டவர் காதுக்கு எட்டிவிட்டது.

"மடித்ததை விரிக்கிறார்களாம், அரசே. நீங்கள் சொன்ன வசந்தத்தை அவர்கள் மதிக்கவில்லை. வீரர்களை அனுப்பிப் போர்வைகளையும் கணப்புச் சட்டிகளையும் வாங்கிவந்து களஞ்சியத்தில் பூட்டிவிடுங்கள்" என்றார்.

"செய்துவிடலாம்" என்றார் அரசர். அன்று காலைதான் அவருக்கு வியர்த்திருந்தது.

அவைக்கு வரும் ஓலைகளைப் படித்துச் சொல்லும் நப்பின்னை தூணருகே நின்றிருந்தாள். குரல் உயர்த்தத் தெரியாதவள். ஜாதகம் கேட்டு அலுத்த அரசர் சமீபகாலமாக, "இன்று என்ன ஓலை?" என்று முதலில் அவளைத்தான் கேட்டுவந்தார். அதில் தாண்டவருக்கு வயிற்றெரிச்சல்.

அவள் கையில் மலையிலிருந்து வந்த ஓலை இருந்தது. புல்மேல் இன்னும் உறைபனி கிடக்கிறது, ஊரில் கைக்குழந்தைகள் பதினேழு என்று எழுதியிருந்தார்கள். கணப்பும் போர்வையும் போனால் அந்தக் குழந்தைகள் என்ன ஆகும் என்று நினைத்ததும் அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"அரசே, மலையில் பனி இன்னும் விடவில்லையாம். கடற்கரையிலிருந்து வந்த ஓலையில் அங்கே தூறல் என்று இருக்கிறது" என்றாள்.

"கிரகங்கள் ஊருக்கு ஒரு பக்கமாகவா சுற்றுகின்றன?" என்றார் தாண்டவர். "அரசருக்கு வியர்த்தால் நாட்டுக்கே வெயில்தான். அம்மணிக்கு ஓலை படிக்கத் தெரியும், வானம் படிக்கத் தெரியாது."

அவை சிரித்தது. அரசர் தாடியைத் தடவினார். "ஓலையை யாரும் எழுதலாம், பெண்ணே. நாளை உச்சிப்பொழுதுக்குள் மலையில் குளிர்கிறது என்று இந்த மண்டபத்திலேயே எனக்குக் காட்டு. முடியாவிட்டால் வீரர்கள் கிளம்புவார்கள்."

நப்பின்னை தாண்டவரைப் பார்த்தாள். காற்று வரும் சாளரத்தின் பக்கம் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. வெயில் நகர நகரத் தம் பலகையையும் நகர்த்திக்கொள்வார். மெல்லத் தலை குனிந்து சொன்னாள்:

"அப்படியென்றால் ஒரு விண்ணப்பம். வசந்தம் வந்துவிட்டது என்ற இவ்வளவு பெரிய செய்தியை வீரர்கள் சொன்னால் எடுபடாது. ஜோதிடர் ஐயாவே முதலில் கடற்கரைக்கும் பிறகு மலைக்கும் பல்லக்கில் போய் அறிவிக்கட்டும்."

பல்லக்கு என்றதும் தாண்டவருக்கு மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது. "நாளைக் காலையே புறப்படுகிறேன்" என்றார்.

மறுநாள் காலை பல்லக்கு வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு மூட்டையைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்கள் வந்தார்கள்.

"பத்து நாள் பயணத்துக்கு இத்தனை பெரிய மூட்டையா?" என்றார் அரசர்.

"பூஜைச் சாமான், அரசே."

"பிரித்துப் பார்க்கலாமா, அரசே?" என்றாள் நப்பின்னை.

"ஜோதிடன் மூட்டையைப் பிரிக்கக் கூடாது. தோஷம்" என்றார் தாண்டவர் அவசரமாக.

அது போதும். பிரிக்கக் கூடாது என்ற எதையும் அரசர் பிரிக்காமல் விட்டதில்லை. தாமே இறங்கிவந்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இருந்ததை அவர் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, நப்பின்னை மூன்று குவியலாக வைத்தாள். மெல்லிய துண்டும் விசிறியும் ஒரு குவியல். ஓலைக்குடையும் மாற்று வேட்டிகளும் இன்னொன்று. மூன்றாவதுதான் பெரியது: இரண்டு கம்பளி, ஒரு கணப்புச் சட்டி, ஒரு பை கரி, காதை மூடும் குல்லாய்.

"இந்தக் குல்லாய் எந்தச் சாமிக்கு?" என்றார் அரசர்.

"என் மனைவி கட்டிய மூட்டை, அரசே. எனக்கு ஒன்றும் தெரியாது."

"அப்படியானால் நான் தப்பான ஆளை ஜோதிடராக வைத்திருக்கிறேன்."

நப்பின்னை குவியல்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். "சமவெளியில் வெயில். கடற்கரையில் தூறல். மலையில் உறைபனி. வந்த ஓலைகளில் இருந்ததும் இதுதான், அரசே."

அரசர் கம்பளியைத் தடவிப் பார்த்தார். பிறகு குழந்தை மாதிரிக் கேட்டார்: "நேற்று எனக்கு வியர்த்தது நிஜம்தானே?"

"நிஜம்தான், அரசே. உங்களுக்கு வியர்த்தது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இனி அந்தந்த ஊருக்கு எப்போது வெயில் வருகிறதோ அப்போது போர்வை மடித்தால் போதும் என்று ஆணை எழுதவைத்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து நப்பின்னைக்குப் போர்த்தினார். தலைநகர் வெயிலில் அது தேவையே இல்லை. இருந்தாலும் அவள் கழற்றவில்லை.

"பல்லக்கை வீணாக்க வேண்டாம். களஞ்சியத்திலிருந்து பதினேழு கம்பளி எடுத்து அதில் வையுங்கள். நேரே மலைக்குப் போகட்டும். ஜோதிடர் பக்கத்தில் நடந்து போவார்" என்றார்.

தாண்டவர் தம் செருப்பைத் தேடினார்.

"குல்லாயை மட்டும் அவரிடமே கொடுத்துவிடுங்கள், அரசே. பாவம், அங்கே குளிரும்" என்றாள் நப்பின்னை.

பன்னிரண்டாம் நாள் மலையிலிருந்து ஓலை வந்தது. அவள் படித்தாள்: "கம்பளிகள் கிடைத்தன. பதினேழு குழந்தைகளும் நலம். ஜோதிடரும் நலம், ஆனால் கணப்பை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். இங்கே வசந்தம் எப்போது வரும் என்று எங்களிடம் நாளுக்கு நாலு தடவை கேட்கிறார். அவருக்கு நாங்கள் என்ன சொல்வது?"

அரசர் அந்த ஓலையை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.